தாமதத்தை அளந்தவர்

கம்ப்யூட்டர்கள் ஏன் மெதுவாகின்றன என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் அலுவலகத்தில் அவருடைய வேலை. வீட்டில் மனைவி வைத்த பெயர் நிபுணர். அதில் பாதிக்கு மேல் கேலி என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் அப்படிக் கூப்பிட்டால் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவார்.

மனைவிக்கு டப்பிங் தொழில். பல வருஷமாகக் கூட்டத்தோடு "ஐயோ, திருடன்!" என்று கத்துவதும், நர்ஸாக வந்து "டாக்டர் கூப்பிடுறார்" என்பதும்தான் கிடைத்துக்கொண்டிருந்தன. இன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு கதாநாயகிக்குக் குரல் கொடுக்கத் தேர்வு. இயக்குநர் தன் ஸ்டுடியோவிலிருந்து இணையம் வழியாகக் கேட்பார். எதிரொலி வராமலிருக்க அறையைச் சுற்றிப் போர்வைகளைத் தொங்கவிட்டு, மைக்கைக் கம்ப்யூட்டரில் இணைத்து, காலையில் அவள் தனியாக ஒத்திகை பார்த்தபோது வார்த்தையும் திரையில் அசையும் உதடும் கச்சிதமாகப் பொருந்தின.

அதோடு விட்டிருக்கலாம். நிபுணரால் முடியுமா?

"நான் பக்கத்துலயே இருக்கேன். தாமதம் ஏதாவது வந்தா உடனே பிடிச்சிடலாம்" என்று அளவெடுக்கும் மென்பொருளை ஓட்டிவிட்டார். நடப்பதையெல்லாம் பதிவுசெய்ய ஒரு ஹார்டு டிஸ்க் வேண்டுமே! பல கருவிகளை ஒரே ஒயரில் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யூ.எஸ்.பி. ஹப்பில்தான் மைக் செருகியிருந்தது. அதிலேயே இதையும் செருகினார்.

முதல் காட்சியிலேயே இயக்குநர் நிறுத்தினார். "அம்மா, உதடு மூடின பிறகு வார்த்தை வருது. இன்னொரு தடவை போகலாமா?"

அடுத்த தடவை குரல் கரகரத்துத் துண்டுதுண்டானது. நிபுணர் முகத்தில் ஒரே சந்தோஷம். வரைபடத்தில் தாமதம் மலைபோல எழும்பியிருந்தது. மைக் ஒயரைக் குறை சொன்னார், இணையத்தைக் குறை சொன்னார், போர்வையைக்கூட விட்டுவைக்கவில்லை.

நடுவில் டிஸ்க் நிரம்பிப் பதிவு நின்றுபோனது. அந்த ஒரு தடவை மட்டும் வசனம் அச்சு அசலாகப் பொருந்தியது.

"அடடா, இதாம்மா வேணும்! கடைசி வரைக்கும் இப்படியே பேசிடுங்க" என்றார் இயக்குநர்.

நிபுணரோ பழைய கோப்புகளை அழித்து, டிஸ்க்கில் இடம் பண்ணி, ரொம்ப அக்கறையாகப் பதிவை மறுபடி தொடங்கிவைத்தார். குரல் மறுபடி பின்தங்கியது.

அவள் மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "என்னால முடியலைங்க. கூட்டத்துல கத்திக் கத்தியே என் டைமிங் போயிடுச்சு போல. வேற யாரையாவது பாத்துக்கச் சொல்லிடுறேன்."

நிபுணர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிந்தார். கீழே டிஸ்க்கின் விளக்கு விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. காலையில் இந்த டிஸ்க் இல்லை. அது நிரம்பி நின்றபோதும் குரல் சரியாகத்தான் இருந்தது. அட கடவுளே! குறுகலான மாடிப்படியில் ஒருவன் பீரோவை ஏற்றிக்கொண்டிருந்தால், தண்ணீர் டம்ளரோடு வருகிறவளும் பின்னால் நிற்கத்தானே வேண்டும்? அவளுடைய குரல் தண்ணீர் டம்ளர். பீரோ ஏற்றிய மகானுபாவர் இவர்.

பதிவை நிறுத்தி டிஸ்க்கைக் கழற்றினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பழி அவள் தலையில் அல்லவா நிற்கும்? மைக்கை அவரே திறந்தார்.

"சார், நான் அவங்க வீட்டுக்காரர். தப்பு அவங்க மேல இல்ல. தாமதத்தை அளக்குறேன்னு நான்தான் ஒரு டிஸ்க்கைச் செருகினேன். தாமதமே அதனாலதான். கழட்டிட்டேன்."

அவள் அவரை ஒரு முறை முறைத்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். வசனம் முழுக்க உதட்டோடு ஒட்டிப் போனது.

"கதாநாயகி கிடைச்சாச்சு" என்றார் இயக்குநர். "ஆமா, உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்குறார்?"

அவள் மைக்கை நிபுணர் பக்கம் திருப்பினாள்.

"கம்ப்யூட்டர் தாமதமாகாம பாத்துக்குற வேலை, சார்."

மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. அதற்குப் பிறகுதான் சிரிப்பு வெடித்து வந்தது. அந்தத் தாமதத்துக்கு மட்டும் டிஸ்க் பொறுப்பில்லை.