தூக்கிப்போட்ட பிள்ளைக்கு இன்னொரு பெயர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் குப்பையில் கிடைத்தது. எங்கள் தெருவில் குப்பைக் கூண்டை எந்த வாரம் யார் கழுவ வேண்டும் என்று ஒரு பட்டியல் தொங்கும். இருபத்திரண்டு வருடமாக நானும் என் முறைக்குக் கழுவிக்கொண்டுதான் இருக்கிறேன். போன மார்கழியில் எனக்கு அடுத்த வாரத்துக்காரர் பெயரை முதல்முறையாக நிதானமாகப் படித்தேன். ஹ்யோதோ சுதெயோ.

ஜப்பானிய மொழியில் 'சுதெ' என்றால் தூக்கிப்போடுவது. பெயரின் மிச்சத்துக்கு ஆண்பிள்ளை என்று பொருள். தூக்கிப்போட்ட ஆண்பிள்ளை கூண்டைக் கழுவ வேண்டிய வாரம் அது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நாம் சிரிக்க முடியாது. நம்மிடம் குப்புசாமி இருக்கிறார், பிச்சை இருக்கிறார். பிறந்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்து, எமனே, இது உனக்கு வேண்டாத சரக்கு என்று ஏமாற்றிய ஆட்கள் நாம். போதும்பொண்ணு என்று பெயர் வைத்தவர்களுக்கு, 'நிறுத்து' என்று பொருள்படும் தொமேயோவை இங்கே சந்தித்தால் ஆச்சரியம் வராது.)

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. எழுதிப் பார்த்தவை:

"பிப்ரவரி மாதத்தில் பனி மலையிலிருந்து இறங்கி, ஆரஞ்சு மரங்களை ஒவ்வொன்றாக" [வேண்டாம். எல்லாக் கதையிலும் பனி இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது.]

"ஒரு மனிதனின் பெயர் என்பது" [கட்டுரை வாடை. விட்டேன்.]

"1985ஆம் ஆண்டு, முப்பத்தெட்டு வயதில், சுதெயோவுக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஆண்."

இது போதும். இங்கே பிள்ளை பிறந்தால் பதினான்கு நாளுக்குள் ஊர் அலுவலகத்தில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஏழாம் நாள் மாலை, பெயரை மையில் பெரிதாக எழுதி வீட்டுப் பூஜை மாடத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட வேண்டும். சுதெயோ ஏழாம் நாள் மாலை நல்ல தாளாகத்தான் வாங்கிவந்தார். மை அரைத்தார், தூரிகையை நனைத்தார். கடைசியில் தாளை வெறுமையாகவே தொங்கவிட்டுவிட்டு, மரத்துக்கு உரம் வைக்க வேண்டும் என்று சொல்லித் தோட்டத்துக்குப் போய்விட்டார். இருட்டுகிற நேரத்தில் யாரும் உரம் வைப்பதில்லை.

3

தூக்கிப்போட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆணுக்கு நாற்பத்திரண்டு கண்டமான வயது. அந்த வருடம் ஒரு பிள்ளை பிறந்தால் அப்பனின் கெட்ட காலம் பிள்ளை மேல் ஒட்டும், பிள்ளையால் அப்பனுக்கும் ஆகாது. அதனால் பிள்ளையைக் கூடையில் வைத்து முச்சந்தியில் போட்டுவிட வேண்டும். போடுகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் கண்டம் கழியாது. முன்பே பேசிவைத்த பக்கத்து வீட்டு ஆள் வந்து, ஐயோ யாரோ போட்டுவிட்டார்களே என்று எடுத்து, அப்பன் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார். அப்படி எடுத்தவருக்குத்தான் பெயர் வைக்கும் உரிமை.

1947இல் ஹ்யோதோ கமெஜி தன் மகனை இப்படிப் போட்டார். எடுக்க வேண்டியவள் மளிகைக்கடை ஒகுனி. அன்று காலை அவள் கடைக்கு உப்பு வந்து இறங்கியது. உப்பு கிடைக்காத காலம் அது. அவள் உப்பு மூட்டைகளை எண்ணி உள்ளே வைத்துவிட்டு ஓடிவந்தபோது கூடையைக் காணோம்.

வடக்கே தொயாமாவிலிருந்து வீடு வீடாக வைத்துப்போன மருந்துப் பெட்டியில் தீர்ந்ததை நிரப்ப வருகிற வியாபாரி ஒருவர், அந்த ஊருக்குப் புதிது, நிஜமாகவே யாரோ குழந்தையைப் போட்டுவிட்டார்கள் என்று நம்பி, கூடையோடு போலீஸ் சாவடிக்குப் போய்விட்டார். ஒகுனி அலற, கமெஜி ஓட, சாவடியில் ஒரு பெரிய கூத்து. ஊர் இதை நாற்பது வருடம் சொல்லிச் சிரித்தது. குழந்தை கைக்கு வந்ததும் கமெஜியே ஊர் அலுவலகத்துக்குப் போய்ச் சுதெயோ என்று எழுதிவிட்டார். இப்படிப் போட்ட பிள்ளைகளுக்கு வழக்கமான பெயர்தான்.

ஊர் சிரித்தது. சுதெயோ சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிட்டதும், "எங்க போட்டாங்க?" என்று பின்வரிசை கேட்கும். ஊர்ச் சடங்குதான் என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் கூடையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போன ஒரு முதுகு, அவர் பார்த்தே இராத அந்த முதுகு, கனவில் வந்துகொண்டே இருந்தது. சரிவில் ஆரஞ்சுகள் விளக்குகள் மாதிரி எரிந்துகொண்டிருக்கும். நடுவில் அந்த முதுகு போய்க்கொண்டே இருக்கும். கூப்பிட வாயைத் திறந்தால் குரல் வராது, கைக்குழந்தை அல்லவா.

கமெஜியிடம் அவர் கேட்டதே இல்லை. கமெஜி அதிகம் பேசாத மனிதர். கூடையைப் போட்ட அதே வருடம் மே மாதம் கல் வரப்பிலிருந்து விழுந்து இடது கால் ஒடிந்து, ஆயுள் முழுக்க விந்தி விந்தி நடந்தவர். சடங்கைச் சரியாகத்தான் செய்தார், அப்புறமும் ஏன் இப்படி என்று ஊர் வியந்தது. மகன் கேட்பதற்குள், 1982இல் போய்ச் சேர்ந்தார்.

4

இப்போது பெயர்கள். எட்டாம் நாள் ஆரஞ்சு அட்டைப்பெட்டியின் பின்புறத்தில் சுதெயோ எழுதிய பட்டியலை நானே பார்த்தேன். இன்னும் வைத்திருக்கிறார்கள்.

"மினோரு," என்றார் சுதெயோ. விளைகிறவன்.

"ஆரஞ்சுக்கு வைங்க. இந்த வருஷம் அதுதான் விளையல," என்றாள் நத்சுயே, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே.

"சுசுமு." முன்னே போகிறவன்.

"எங்க போறான்? இருக்கட்டும் கொஞ்ச நாள் வீட்டுல."

"கத்சுமி."

"வெற்றி கிற்றின்னு வேண்டாங்க. எங்க அண்ணன் பேரு அதான். சண்டை நடந்தப்போ பொறந்தவன். ஜெயிச்சோமா?"

"இச்சிரோ?" முதல் மகன்.

"அப்போ ரெண்டாவது, மூணாவதுக்கும் நான்தான் பெத்துத் தரணும். எனக்கு முப்பத்தாறு வயசுங்க."

[நத்சுயே நிஜமாகவே இவ்வளவு வாயாடியா என்று எனக்குச் சந்தேகம். எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டினேன். எழுபத்தாறு வயது. "ரொம்ப அடக்கமா எழுதியிருக்கீங்க," என்றார்.]

(இன்னொரு குறிப்பு: 'சுகெ' என்று முடியும் பெயர்கள் அரசு உதவி அதிகாரிப் பதவியிலிருந்து வந்தவை. 'எமோன்' என்று முடிந்தால் அரண்மனை வாசல் காவல். அரண்மனையின் கூரையைக்கூடப் பார்த்திராத மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக வாசல் காத்திருக்கிறார்கள். இந்த நாட்டின் ஆண்பெயர்களைப் படித்தால், அப்பன்கள் தங்களால் கொடுக்க முடியாததையெல்லாம் பெயரில் கொடுத்திருப்பது தெரிகிறது.)

கடைசியில் நத்சுயே பட்டியலைத் தள்ளிவைத்தாள்.

"உங்களுக்கு என்னதாங்க பிரச்சினை?"

"எனக்கு வச்ச பேரே எனக்கு ஒட்டல. நான் எப்படி இவனுக்கு வைப்பேன்? எடுத்த ஆளு ஒரு பேரு வச்சிருப்பான்ல? சாவடியில போலீஸ் கேட்டிருப்பாரு, இவன் பேரென்னன்னு. அவன் ஏதோ சொல்லியிருப்பான். அதான் என் பேரு. ஒரு மணி நேரமாவது அது இருந்திருக்கும்."

"அதை இவனுக்கு வைக்கணும்?"

"ஆமா."

அவள் கேலி செய்யவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

5

இந்த இடத்தில் எனக்குத் தேவையான ஆள் தானாக வந்தார். நான் வரவழைத்தது மாதிரித் தோன்றும். சத்தியமாக இல்லை. ஒன்பதாம் நாள் மருந்துப் பெட்டி நிரப்பும் முறை. வந்த வியாபாரி வெறும் தாளைப் பார்த்துவிட்டு விசாரித்தார். நத்சுயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் கையில் பிடித்திருந்த வயிற்றுவலி மாத்திரையை அப்படியே கீழே வைத்தார்.

"கூடையை எடுத்துட்டு ஓடுனது என் மாமனாருங்க. கன்சாகுன்னு பேரு. அந்த வருஷத்தோட இந்தப் பக்கத்து வாடிக்கையை வேற ஆளுக்கு மாத்திக் கொடுத்துட்டாரு, இப்போதான் அது என் கைக்கு வந்திருக்கு. ஏன்னு யாருக்கும் சொல்லல. இருக்காரு, அறுபத்திரெண்டு வயசு. ஆனா போன்ல பேச முடியாது, காது கேக்காது. மூஞ்சிக்கு நேரா கத்தணும்."

ஹிமெயில் இருந்து தொயாமாவுக்கு ரயில், படகு, மறுபடி ரயில், மறுபடி ரயில். பத்தாம் நாள் காலை சுதெயோ தோட்டத்து ரப்பர் பூட்ஸோடே கிளம்பினார். [எஹிமெ. ஊர் பெயரைத் தப்பாக எழுதிவிட்டேன். அடிக்காமல் விடுகிறேன், அவசரத்தில் கிளம்பினார் என்பதற்கு அது சாட்சியாக இருக்கட்டும்.] மடியில் ஒரு பை ஆரஞ்சு. படகு கடலைக் கடந்தபோது வெளியே வெள்ளையாக ஒன்றுமே தெரியவில்லை. பெயர் இல்லாத ஒரு பிள்ளைக்காகப் பெயர் பிடிக்காத ஒருவன், எந்தக் கரையும் தெரியாத வெள்ளைக்குள் போய்க்கொண்டிருந்தான். தூக்கமா விழிப்பா என்று அவருக்கே நிச்சயமில்லை. ஜன்னலில் ஒவ்வொரு பெயராக வந்து மோதிக் கரைந்ததாகச் சொன்னார்.

6

கன்சாகு கூரைப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். இறங்கிவந்து, கால்களை, அடியில் சூடு வைத்த தாழ்வான கணப்பு மேஜைக்குள் நுழைத்து உட்கார்ந்தார். சுதெயோ முகத்துக்கு நேராகக் கத்தினார்.

"நான்தாங்க அந்தக் கூடை!"

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"வளந்துட்டியே தம்பி."

"சாவடியில எனக்கு என்ன பேரு வச்சீங்க?"

"பேரா? பேரு வைக்க எங்க நேரம்? ஓடவே நேரம் சரியாப் போச்சு."

சுதெயோவுக்கு ஒரு மணி நேரப் பெயர்கூட இல்லை. அவர் எழுந்துவிடத்தான் பார்த்தார். ஆனால் ஒரு வார்த்தை உறுத்தியது.

"ஏன் ஓடுனீங்க?"

"உங்கப்பா எப்படி இருக்காரு?"

"போயிட்டாருங்க. மூணு வருஷம் ஆச்சு."

கன்சாகு ஒரு ஆரஞ்சை எடுத்தார். உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்போ சொல்லலாம். நான் கூடையை எடுத்தேன். எடுத்த மறு நிமிஷம் கல் வரப்புக்குப் பின்னாலேருந்து ஒரு ஆளு வெறுங்காலோட குதிச்சு வரான். குடுடா குடுடான்னு கத்துறான். புள்ளை பிடிக்கிறவன்னு நெனச்சேன். அவன் தொரத்தத் தொரத்த நான் ஓட, சாவடிவரைக்கும் மலையே எறங்கிட்டோம். அங்க போனப்புறம்தான் தெரிஞ்சுது, அவருதான் அப்பாவாம்."

"ஒகுனி அத்தை போய்ச் சொல்லி, அப்புறம்தான் அப்பா வந்தாருன்னு..."

"அது அவரு ஊருக்குச் சொன்னது. என்னை ஓரமாக் கூட்டிட்டுப் போய் மண்ணுல மண்டி போட்டாரு தம்பி. 'நான் பாத்துக்கிட்டு நின்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பாத்தா கழியாது. ஆனா என்னால போக முடியல'ன்னாரு. நான் ஓட்டவாயன். எங்கயாவது உளறிடுவேன்னு பயந்துதான் அந்த ஊரையே மாத்திக்கிட்டேன்."

சுதெயோ கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. மே மாதம், கல் வரப்பு, இடது கால். ஊரே வியந்தது. ஏன் விழுந்தோம் என்று கமெஜிக்கு மட்டும் தெரியும், அல்லது தெரியும் என்று அவர் நம்பினார். முப்பத்தைந்து வருடம் அதை விந்தி விந்தி நடந்தே தீர்த்தார், ஒரு வார்த்தை சொல்லாமல். போகாத ஒரு முதுகைப் பார்த்துத்தான் இவர் இத்தனை காலம் கனவில் பயந்திருக்கிறார்.

முப்பத்தெட்டு வயது ஆள், யாரோ ஒருவர் வீட்டுக் கணப்பு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். கன்சாகுவுக்குக் காது கேட்காதது அன்றைக்கு வசதியாக இருந்தது.

7

முடிவுகள்.

(அ) திரும்பிவந்து கமெஜியின் பெயரிலிருந்து ஓர் எழுத்தை எடுத்துப் பிள்ளைக்கு வைக்கிறார். இங்கே அப்படி வைப்பது பழைய வழக்கம். வாசகருக்குக் கண் கலங்கும். எனக்கு இதில் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ரொம்பவும் தயாராக இருக்கிற முடிவு.

(ஆ) அவர் வருவதற்குள் நத்சுயே தானே போய் ஒரு பெயரை எழுதிக் கொடுத்துவிடுகிறாள். அவளுக்குப் பொருந்தும். ஆனால் "அவ்வளவு மோசம் இல்ல நான்," என்று, வாசித்துக் காட்டியபோது நத்சுயேயே மறுத்துவிட்டார்.

(இ) சுதெயோ தன் பெயரை மாற்றிக்கொள்ள நீதிமன்றத்தில்

[இதைப் பாதியில் விட்டுவிட்டேன். ஏன் என்று கீழே தெரியும்.]

நடந்தது இது. பதினான்காம் நாள் மாலை அவர் நிலையத்திலிருந்து நேராக ஊர் அலுவலகத்துக்குப் போனார். நத்சுயே பிள்ளையைத் துணியில் கட்டிக்கொண்டு வந்து காத்திருந்தாள். போன விஷயம் என்னவாயிற்று என்று கேட்டாள். "அப்பா போகல," என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

எழுத்தர் படிவத்தைத் தள்ளினார்.

"தகப்பன் பேரு சொல்லுங்க."

அவர் சத்தமாகவே சொன்னார். "ஹ்யோதோ சுதெயோ."

"சுதென்னா... எந்த எழுத்துங்க?"

இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்க அவரிடம் கேட்டிருக்கிறார்கள். எப்போதும் குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லுவார்.

"தூக்கிப்போடறதுன்னு எழுதுவாங்களே, அதுதான்," என்றார் அவர். "எங்கப்பா வச்சது."

எழுத்தர் எழுதிக்கொண்டார். பிறகு பேனா அடுத்த கட்டத்துக்கு நகர்ந்து நின்றது. பிள்ளையின் பெயர்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பது வயது. நான் தினமும் பார்க்கிற ஆள். பெயர் எனக்கு நன்றாகத் தெரியும், நல்ல பெயர். ஆனால் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே அதன் பொருள் என்ன என்று கேட்பீர்கள், நானும் அடிக்குறிப்பு போட ஆரம்பித்துவிடுவேன். அந்தக் கட்டத்தை உங்களுக்காக வெறுமையாக விட்டிருக்கிறேன். நத்சுயே துணியை விலக்கிப் பிள்ளையின் முகத்தைக் காட்டுகிறாள். அலுவலகம் மூட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. எந்தப் பெயரை வைத்தாலும், வைத்துவிட்டு அங்கேயே நில்லுங்கள்.