ஊசி நுழையாத சுற்று

எங்கள் வீட்டில் இரண்டு பேர் குடியிருக்கிறோம் என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் நம்பமாட்டார். அவர் எங்களைச் சேர்த்துப் பார்த்ததே இல்லை. என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். முதல் வண்டியை எடுக்க விடிவதற்கு முன்பே போய்விடுவார். நான் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இரவு வேலை முடித்து, விடிந்த பிறகு வந்து சேருவேன். மாலையில் அவர் வரும்போது நான் கிளம்பியிருப்பேன். எங்கள் இரண்டு பேரையும் ஒழுங்காகப் பார்ப்பது கட்டில் ஒன்றுதான்.

குளிர் தொடங்கியதும் டிரைவர்களுக்குத் தட்டுப்பாடு வந்து அவருடைய வார விடுமுறையும் போயிற்று. என் விடுமுறை நாளில் அவர் வந்து சாப்பிட உட்கார்வார், பாதிச் சாப்பாட்டிலேயே கண் சொருகிவிடும். போனில் பேசலாமே என்பீர்கள். அவர் வண்டி ஓட்டும்போது நான் கூப்பிடக் கூடாது, நான் தூங்கும்போது அவர் கூப்பிடமாட்டார். மிஞ்சுவது குறுஞ்செய்திகள். 'பால் இல்லை.' 'குழாய் ஒழுகுது.' இதற்குப் பெயர் குடும்பமாம்.

இந்த நிலைமையில்தான் பனிப்பூ வந்தது. எதிர்வீட்டு ஜன்னல் முழுக்க வெள்ளை நூலில் பின்னிய பனிப்பூக்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். நம் ஜன்னல் மட்டும் மொட்டையாக நிற்கிறதே என்று எனக்கு ரோஷம். கொக்கி முனை குரோஷே ஊசியை எடுத்து, நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக ஒன்று பின்ன ஆரம்பித்தேன். இரண்டு சுற்று போடுவதற்குள் தூக்கம் தள்ள, மேஜையில் அப்படியே வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் மூன்றாவது சுற்று முடிந்திருந்தது. கோணல்மாணலாக, ஒரு கண்ணி பெரிதும் ஒரு கண்ணி சிறிதுமாக. ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாராம். ஸ்டியரிங் பிடிக்கிற அந்தத் தடி விரல்களுக்குள் அந்த ஒல்லி ஊசியை நினைத்து நான் தனியாகச் சிரித்தேன். சிரித்த கையோடு நான்காவது சுற்றைப் போட்டு வைத்தேன்.

அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று. எனக்கு ஒரு சுற்று, அவருக்கு ஒரு சுற்று. முடிந்ததைக் கஞ்சியில் நனைத்து, அட்டையில் விரித்து, ஆறு முனைகளையும் குண்டூசி குத்தி இழுத்துக் காயவைப்பேன். என் கை தளர்வு, அவர் கை இறுக்கம். அதனால் என்ன இழுத்தாலும் எங்கள் பூ நடுவில் கொஞ்சம் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். எதிர்வீட்டுப் பூக்கள் தட்டையாக, லட்சணமாக இருந்தன. எனக்கு எங்கள் தொப்பிகள்தான் பிடித்திருந்தன.

போகப்போக அவருடைய சுற்றைத் தடவிப் பார்த்தாலே அன்றைய சமாச்சாரம் தெரிந்தது. கல் மாதிரி இறுக்கம் என்றால் பயணி யாரோ வாய்ச்சண்டைக்கு வந்திருக்கிறார். கண்ணி விட்டுப்போயிருந்தால் தூக்கக் கலக்கம். அபூர்வமாக ஒரு நாள் பஞ்சு போல வந்திருக்கும். அன்று முழுக்க நானும் காரணம் தெரியாமலே சந்தோஷமாக இருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பிரிவில் பகல் வேலைக்கு ஓர் இடம் காலியானது. அது கிடைத்தால் தினமும் மாலையில் வீட்டில் இருப்பேன், அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவேன். எனக்கு வேறு ஆசையே இல்லை. சூப்பர்வைசரிடம் கேட்டு வைத்தேன். அவரும் இந்த வாரம் சொல்கிறேன் என்றார். 'பகல் வேலை கேட்டிருக்கேன்' என்று வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். அன்றைய சுற்று பஞ்சாக இருந்தது. அடுத்த நாளும் பஞ்சுதான். பாவி மனுஷன் என்னைவிட அதிகமாக ஆசைப்படுகிறார் என்று புரிந்தது.

அந்த வாரமே ஒரு நாள் காலையில், வேலை முடிந்து கிளம்புகிற நேரத்தில் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த இடத்தை எங்களோடு இரவு வேலை பார்க்கும் ஒரு கைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்துவிட்டாராம். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு ராத்திரி வேலைக்கு வருகிறவளுக்குத்தான் கொடுக்க வேண்டும், அது எனக்கும் தெரியும். தெரிந்தால் வயிறு எரியாமல் இருக்குமா? நன்றாக எரிந்தது.

வீட்டுக்கு வந்து செய்தி அனுப்பப் போனை எடுத்தேன். 'கிடைக்கல' என்று அடிக்க விரல் வரவில்லை. அவர் போட்டு வைத்திருந்த சுற்று மேஜையில் மெத்தென்று கிடந்தது. அதன் மேல் என் சுற்றைப் போட்டேன். எப்படிப் போட்டேன் என்று நினைவில்லை. முடித்தபோது விரலில் நூல் அறுத்த கோடு இருந்தது. படுத்தேன், எழுந்தேன், வேலைக்குப் போனேன்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னங்க, வண்டி எடுக்கலையா?"

"காய்ச்சல்னு சொல்லிட்டேன்."

நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

"டிரைவர் இல்லாம அவங்க என்ன பண்ணுவாங்க?"

"இன்னைக்கு ஒரு நாள் ஜனங்க நடக்கட்டும். உடம்புக்கு நல்லது." பூவை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "நேத்து சாயந்திரம் வந்து குத்திப் பார்த்தேன். ஊசி எந்தக் கண்ணியிலயும் நுழையல. நீ இப்படிப் போட்டதே இல்ல. கிடைக்கலைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர் சமாதானம் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

அழுது முடித்ததும் ஒரு சங்கடம். முகத்துக்கு நேரே என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடைசியில் நாற்காலி முதுகில் கிடந்த ஈரத் துண்டுதான் கை கொடுத்தது.

"இதை இங்க போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"எப்ப சொன்ன? நீ என்னைப் பார்த்தாத்தானே சொல்ல முடியும்?"

"மனசுக்குள்ள தினமும் சொல்றேன்."

"நானும்தான் சொல்றேன், உன் தலைமுடிய வாஷ்பேசின்ல விடாதேன்னு."

அப்படியே சண்டை சூடு பிடித்தது. குழாய், குப்பைக்கூடை, அவர் அக்கா, என் தம்பி என்று ஒன்றையும் விடவில்லை. நேருக்கு நேர் நின்று, அவர் மூக்கு விடைப்பதைப் பார்த்துக்கொண்டே சண்டை போடுவது எவ்வளவு சுகம் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. நடுவில் யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.

"தூங்கு. ராத்திரி முழுக்க நின்னுட்டு வந்திருக்க."

"தூங்கினா இந்த நாள் போயிடும்."

சொன்னேனே தவிர, உடம்பு கேட்கவில்லை. விழித்தபோது மதியம் தாண்டியிருந்தது. அவர் சுவரில் சாய்ந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எழுப்பியிருக்கக் கூடாதா?" எனக்குக் கோபமான கோபம்.

"பார்த்துட்டிருந்தேன்" என்றார். அதற்கு மேல் என்னால் கோபப்பட முடியவில்லை.

மாலையில் அவரும் கூடவே கிளம்பினார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்து, பயணியாக என் அருகில் உட்கார்ந்துகொண்டார். டிரைவர் பிரேக் போடுகிற விதத்தை வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டே வந்தார். அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். ஆஸ்பத்திரி இன்னும் தூரத்தில் இருக்கக் கூடாதா என்று இருந்தது.

ஒரு நாள், ஒரே ஒரு நாள் சேர்ந்து இருந்தால் ஏக்கம் தணியும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி நின்றபோது அது பல மடங்காகியிருந்தது. நாளைக்கும் லீவு போடுங்க என்பது தொண்டை வரை வந்தது. முழுங்கிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்தால் அவரும் எதையோ முழுங்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க போங்க. காலைல சீக்கிரம் எழுந்திருக்கணும்."

"நீ உள்ள போ. அப்புறம் போறேன்."

"இல்ல, நீங்க போங்க."

"போறேன்னு சொல்றேன்ல."

இரண்டு பேரும் அசையவில்லை. உள்ளே வேலை மாறுகிற மணி அடித்தது. கைக்குழந்தைக்காரி பகல் வேலை முடிந்து, பையை மாட்டிக்கொண்டு எங்களைத் தாண்டி வீட்டுக்கு ஓடினாள்.

நான்தான் முதலில் திரும்பி நடந்தேன். யாராவது ஒருவர் திரும்பத்தானே வேண்டும்.