ஹால் சுவரில் வல்லாரை

இது என் தகப்பனார் கட்டிய வீடு. ஒரு சொட்டுக்கூடக் கசிந்ததில்லை. இதை நான் உறவினர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். முக்கியமாக, என் மகளைக் கொடுத்த இடத்துச் சம்பந்தியிடம். அவர் கட்டட கான்டிராக்டர். "பழைய சுவர், என்னைக்காவது மானத்தை வாங்கிடும் சம்பந்தி" என்று முகத்துக்கு நேரே சொன்ன மனிதர்.

ஆகவே ஹாலில், சோபாவுக்குப் பின்னால், சுவரின் அடியில் வல்லாரை படர்ந்தபோது அதற்கு ஈரம்தான் காரணம் என்று ஒப்புக்கொள்ள நான் தயாராக இல்லை.

"அப்பா, உள்ளே பைப் ஒழுகுது" என்றான் மகன்.

"இலைதான் வந்திருக்கு. தண்ணி எங்கேடா வந்திருக்கு?"

"சதசதன்னு இருக்கிற இடத்துலதான்ப்பா இது வளரும்."

"அதைச் செடி வந்து உன்கிட்ட சொல்லிச்சா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார். பார்த்துவிட்டார்.

"என்ன சம்பந்தி, சுவர் ஒழுகுதா?"

"வளர்க்கிறோம். சுவருக்குள்ளேயே இதுக்குன்னு தனிக் குழாய் வெச்சுக் கட்டியிருக்கார் எங்கப்பா."

அவர் குனிந்து ஓர் இலையைக் கிள்ளி மென்றார். பிறகு இன்னொன்று. "ஞாபக சக்திக்கு நல்லதாச்சே! அடுத்த வாரம் என் மேஸ்திரியைக் கூட்டிட்டு வர்றேன். அந்தக் குழாய் வேலையை அவன் பார்க்கணும்" என்றவர், போகும்போது சட்டைப் பை நிறையப் பறித்துக்கொண்டார்.

இதற்கிடையே, நான் வெளியே போயிருந்த நேரம் பார்த்து மகன் பிளம்பரை வரவழைத்துக் குழாயை அடைத்துவிட்டான். சுவர் காய்ந்தது. வல்லாரை தலை தொங்கியது. எங்கள் குடும்பத்தின் வாக்கும் அதோடு தொங்கியது. பிளம்பரை நானே மறுபடி அழைத்தேன்.

"சார், ஒழுகலைன்னு இதுவரைக்கும் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை" என்றார் அவர். "சரி, எவ்வளவு ஒழுகணும்?"

"மரியாதையா ஒழுகணும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே ஸ்பானரைத் திருப்பினார். கொஞ்சம் அதிகமாகவே திருப்பிவிட்டார் என்பது மறு ஞாயிறு, சம்பந்தியும் மேஸ்திரியும் சோபாவில் உட்கார்ந்து வல்லாரை மென்றுகொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. சுவருக்குள் குழாய் இணைப்பு விட்டுப்போனது. தண்ணீர் தரையில் பரவி, வாசலில் கிடந்த சம்பந்தியின் செருப்புகளைத் தெருப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது.

மேஸ்திரி இரண்டு கால்களையும் சோபா மேல் தூக்கி வைத்துக்கொண்டார். "ஐயா, இது..."

"பாசன நேரம்" என்றேன்.

சம்பந்தியும் காலைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தார். அவர் வாயில் பாதி இலை இருந்தது. "தினமுமா?"

"தினமும்."

மகன் வாளியோடு ஓடி வந்தான். "உள்ளே போடா. விருந்தாளி முன்னாடி பாசனத் தண்ணியை யாராவது அள்ளுவாங்களா?" என்றேன்.

அவன் போய்விட்டான். அவர்கள் கிளம்பும்வரை நான் முதுகு வளையாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காலை மட்டும் தூக்கவில்லை.