ஆதிரன் சாகலாமா?

ஆதிரனைக் காய்ச்சலில் சாகவிட்டதற்காக ஜெரூஷாவை மூன்று மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவள் அவள். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் செல்போனில் தட்டித் தட்டி எழுதிய நாவல்தான் 'நீலவரம்பு'. ஏழு தீவுகள், அவற்றை விழுங்க வரும் ஒரு பேரரசு, எதிர்த்து நிற்கும் இளம் படைத்தலைவன் ஆதிரன். குரோம்பேட்டையில் ஒரு தம்பதி தங்கள் குழந்தைக்கே அந்தப் பெயரை வைத்தார்கள்.

இரண்டாம் பாகமான 'சாம்பல் துறை'யில், 212ஆம் பக்கத்தில், போருக்கு முந்தைய நாள் கூடாரத்தில் காய்ச்சல் கண்டு ஆதிரன் செத்துப்போகிறான். மீதிக் கதையை ஓரி என்ற ஓடக்காரி நடத்திச் செல்கிறாள்.

"பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன்" என்று ஒருவர் எழுதினார். "முதல் பாகத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது" என்று இன்னொருவர். கோவிலம்பாக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் ஃபயாஸ், ஃபேஸ்புக்கில் பதினான்கு பகுதிகளாக விமர்சனம் எழுதினார். 'இவருக்கு ஆதிரனைப் படைக்கத் தெரிந்தது, காப்பாற்றத் தெரியவில்லை' என்று அதில் ஒரு வரி. ஜெரூஷாவுக்கு அந்த வரி சோறு இறங்காமல் செய்தது.

பதிப்பாளர் சின்னப்பன் போன் செய்தார். "அடுத்த பதிப்புல ஆதிரன் சாகலம்மா, மயக்கம்தான்னு மாத்திடலாம். நாலு பக்கம் எழுதிக் குடு, போதும்."

ஒரு வாரம் இழுத்தடித்தாள். பிறகு எழுதிக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து மூன்றாம் பாகத்தில் ஒரு வரிகூட நகரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து, தாம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடிக்குப் போனாள். வாசகர் கூட்டம். முப்பது பேர் வருவார்கள் என்று நாற்காலி போட்டிருந்தார்கள். அறுபது பேருக்கு மேல் வந்து சுவரோரம் நின்றார்கள்.

ஃபயாஸ்தான் முதலில் எழுந்தார். "மேடம், மனசுல வச்சுக்காதீங்க. ஒரு படைத்தலைவன் வாள எடுக்காம, கஞ்சி குடிச்சிட்டு படுத்துச் சாவானா?"

பின்னாலிருந்து ஒரு பெண் குறுக்கிட்டாள். காட்டாங்குளத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் சித்திகா. "ஏன் அண்ணா, காய்ச்சல் ஆள் பார்த்தா வருது? ஃபர்ஸ்ட் பார்ட்ல ஓரிக்குப் பேரே இல்ல. நாலு இடத்துல 'ஓடக்காரி'ன்னு வரும், அவ்ளோதான். ஆதிரன் இருந்திருந்தா அவ கடைசி வரைக்கும் துடுப்புதான் போட்டுக்கிட்டு இருந்திருப்பா."

"அதுக்காக அவனக் கொல்லணுமா?"

"கொல்லணும்!"

கூடம் இரண்டாகப் பிளந்தது. ஒரு மணி நேரம் யாரும் யாரையும் விடவில்லை. ஜெரூஷா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். சத்தத்தை அடக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப்பன் மைக்கை வாங்கினார்.

"சண்டை வேணாம். ஒரு நல்ல சேதி. அடுத்த பதிப்புல ஆதிரன் உயிரோட இருப்பான். மேடம் மாத்தி எழுதிட்டாங்க."

எங்கோ ஒருவர் கைதட்டத் தொடங்கி நிறுத்தினார்.

"இன்னா சார் சொல்றீங்க?" என்றார் ஃபயாஸ்.

"நீங்க கேட்டதுதானே?"

"நான் திட்டினேன் சார். மாத்தச் சொல்லல." "அன்னிக்குக் கடை ஷட்டரப் பாதி இறக்கிட்டு அந்தப் பக்கத்த மூணு வாட்டி படிச்சேன், பொழச்சிடுவானான்னு. எங்க அத்தா போனப்பகூட நான் அழல, சார். அங்க அழுதேன். இப்ப அவன் வெறும் மயக்கம்தான்னு சொன்னா, நான் அழுதது இன்னா ஆவுறது?"

"மொதல் தடவையா நானும் இவரும் ஒரே கட்சி" என்றாள் சித்திகா.

சின்னப்பன் தடுமாறினார். "சரி, மாத்தணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க." மூன்று கைகள் எழுந்தன. "அப்படியே இருக்கட்டும்னு?"

புத்தகத்தைப் புகழ்ந்தவர்கள், கிழித்தவர்கள், பாதியில் மூடியவர்கள், மற்ற எல்லோர் கையும் எழுந்தது. ஜெரூஷாவுக்குக் கண் மங்கியது. எழுந்து மைக்கை வாங்கினாள்.

"பயந்துபோய்தான் அந்த நாலு பக்கத்த எழுதினேன். எழுதி முடிச்சதுக்கப்புறம் ஓரி எங்கிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசல. அந்தப் பக்கம் அச்சுக்குப் போகாது. ஆதிரன் செத்துட்டான். மூணாம் பாகத்துலயும் வரமாட்டான்."

"அப்ப அதையும் திட்டுவேன்!" என்றார் ஃபயாஸ்.

"தாராளமா. கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிட்டுத் திட்டுங்க."

சிரிப்பும் கைதட்டலும் ஓட்டுக்கூரையில் மோதித் திரும்பின. சின்னப்பன் அங்கேயே அச்சகத்துக்குப் போன் போட்டு, பழைய பக்கமே இருக்கட்டும் என்றார்.

கையெழுத்து வரிசையில் ஃபயாஸ் நீட்டிய பிரதி, இடையிடையே செருகிய துண்டுச் சீட்டுகளால் உப்பியிருந்தது. கையெழுத்தை வாங்கிக்கொண்டு, "முந்நூத்தி நாப்பதாம் பக்கத்துல காத்து தப்பான திசையில அடிக்குது மேடம்" என்றார். பார்த்தாள். ஆமாம், தப்புதான். குறித்துக்கொண்டாள்.

அவரும் சித்திகாவும் படியிறங்கும்போதே மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். ஓரி அரியணை ஏற வேண்டுமா, கூடாதா? தெருவுக்குப் போன பிறகும் அந்தச் சத்தம் கேட்டது. ஜெரூஷா ஜன்னலருகே நின்று, அது ஜி.எஸ்.டி. ரோட்டு வண்டி இரைச்சலில் கரையும்வரை கேட்டாள். பசித்தது. பல நாள் கழித்து, நன்றாகப் பசித்தது.