சற்குணம் வாங்கிய ஜிபிஎஸ்

நெடுங்குளத்தில் நாற்பத்தேழு வயது நிறைந்தவர்களுக்குத் தங்கள் வீட்டுக்குப் போகிற வழி மறந்துபோகும். மற்ற வழியெல்லாம் அப்படியே இருக்கும். சந்தை, பேருந்து நிலையம், மச்சினன் வீடு எதுவும் மறக்காது. சொந்த வீடு மட்டும்தான். சிலருக்கு ஒரு மாதம் முன்பின் ஆகும். தபால்காரர் சற்குணத்துக்குப் பிறந்தநாளுக்கு மறுநாளே, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, தபால் நிலைய வாசலில் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது அது நடந்தது. சைக்கிளை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. மறுபடி பூட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

அவர் தபால் கொடுக்கிற பீட்டில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் குரைப்பதோடு சரி என்பதுகூட அவருக்குத் தெரியும். ஆனால் அவர் குடியிருந்த முத்தாலம்மன் கோயில் இரண்டாம் தெரு, மரியதாஸ் என்கிற இன்னொரு தபால்காரரின் பீட்டில் வந்தது.

"வந்துடுச்சா?" என்று கேட்டார் மரியதாஸ்.

"வந்துடுச்சு."

மரியதாஸுக்கு நாற்பத்தொன்றுதான். மாலைப் பட்டுவாடாவுக்குக் கிளம்பும்போது சற்குணத்தையும் கூட்டிக்கொண்டு போய் அவருடைய வீட்டில் விட ஒப்புக்கொண்டார். ஆனால் தபால் இருந்தால்தான் அந்தத் தெருவுக்குள் நுழைய முடியும் என்பது விதி. அதனால் சற்குணம் தினமும் தன் பெயருக்கே ஓர் அஞ்சலட்டை எழுதிப் பெட்டியில் போட்டார். நலம், நலமறிய ஆவல் என்று மட்டும் எழுதுவார். மறுநாள் மாலை அந்த அட்டையோடு அவரும் வீடு போய்ச் சேருவார்.

ஒரு வாரம் போனதும் மரியதாஸ் சொன்னார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு உங்க லெட்டர் மட்டும்தான் வருது. வேற யாரும் எழுதற மாதிரி தெரியல. எத்தனை நாளைக்கு இப்படி? போய் ஒரு ஜிபிஎஸ் வாங்கிடுங்க."

ஜிபிஎஸ் கடை, மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருந்தது. கடையில் ரெஜினா என்ற பெண் ஒருத்திதான். சற்குணத்தை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் இரண்டு வாசல்களின் படத்தைக் காட்டினாள்.

"இது பழகின மாதிரி இருக்கா, அதுவா சார்?"

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

"இடது பக்கம் உங்க வீடு. வலது பக்கம் மாவட்டச் சிறை," என்று குறித்துக்கொண்டாள் ரெஜினா. "நல்லா முத்திடுச்சு. முதல் நாளே வந்திருக்கணும். வீட்டுக்காரம்மா வந்து கூட்டிட்டுப் போனாங்களா?"

"அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் வந்தா."

"இனிமே வர வேண்டாம்னு சொல்லுங்க. இது ஒட்டிக்கும்."

பிறகு அவருடைய தேவை என்ன என்று கேட்டாள். ஒரே கருவி எல்லோருக்கும் ஒத்துவராது, தலைக்குத் தக்க குல்லா என்றாள். விலாசத்தை வைத்து வழி சொல்கிற கருவிதான் அதிகம் போகிறது. சற்குணத்துக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. பழைய எண், புதிய எண், அதற்கும் புதிய எண் என்று ஒரே கதவில் மூன்று எண்களைப் பார்த்துப் பார்த்து, விலாசத்தைப்போல ஏமாற்றுவது வேறொன்றுமில்லை என்பது அவருடைய முடிவு. வீட்டுக்குப் போக அவ்வளவு இஷ்டமில்லாதவர்களுக்கு என்று ஒரு கருவி இருந்தது. ஊரைச் சுற்றிச் சுற்றித்தான் கொண்டுபோகும். நன்றாக விற்கிறது என்று சொன்னாள். கடைசியாக, கண்ணாடிக்குள் துணி விரித்து வைத்திருந்த ஒன்றை எடுத்தாள்.

"இது விலாசத்தையெல்லாம் பார்க்காது. உங்களுக்காக யார் காத்திருக்காங்களோ அங்க கூட்டிட்டுப் போகும். வீட்டுல அவங்க காத்திருப்பாங்கதானே சார்?"

"இருபத்தொரு வருஷமா சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு வீட்டுல இருப்பேன்," என்றார் சற்குணம்.

ரெஜினா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். பத்து நாளைக்குள் பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுத்தாள்.

மறுநாள் மாலை கருவியைச் சைக்கிள் கைப்பிடியில் கட்டிக்கொண்டு சற்குணம் கிளம்பினார். திரையில் ஐந்து பச்சைக் கோடுகள் எரிந்தன. கோடு எத்தனையோ காத்திருப்பு அத்தனை. ஐந்துக்கு மேல் கிடையாது. அவருக்கு நெஞ்சு நிறைந்தது. மனைவி பொன்மணி இப்படிக் காத்திருக்கிறாள் என்று தெரியாமல் இத்தனை வருடம் போய்விட்டதே என்று நினைத்தார். இடது பக்கம் திரும்பவும் என்றது கருவி. நேராகச் செல்லவும் என்றது. அவருடைய பீட்டுக்குள்ளேயே கொண்டுபோய், சேணியர் தெருவில் பதினேழாம் எண் வீட்டு முன்னால் நிறுத்தி, உங்கள் இடம் வந்துவிட்டது என்றது.

அது திருவேங்கடம் என்கிற ஓய்வுபெற்ற சிக்னல்மேன் வீடு. தனியாக இருந்தார். கதவைத் திறந்துபோட்டு அதற்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜாம்ஷெட்பூரில் இருக்கும் அவருடைய மகள் கோகிலா வாராவாரம் போனில் பேசுகிறவள். ஒருநாள், போனில் சொல்ல முடியாத ஒன்றைக் கடிதமாக எழுதிப் போடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு போனும் இல்லை. பதினோரு மாதமாகிறது.

"வந்துடுச்சா தம்பி?" என்றார் திருவேங்கடம்.

"இல்லைங்க ஐயா. நான் சும்மாதான் வந்தேன்."

"சும்மா வர்ற நேரமா இது? சரி, உட்காருங்க."

சற்குணம் உட்கார்ந்தார். இருவரும் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு மணிக்குச் சற்குணம் வீட்டுக்குப் போன் செய்தார். பொன்மணி ஸ்கூட்டரில் வந்து கூட்டிப் போனாள்.

மறுநாளும் கருவி அங்கேதான் கொண்டுபோய் விட்டது. அதற்கு மறுநாளும். நான்காம் நாள், சாப்பாடு போட்டுக்கொண்டே பொன்மணி கேட்டாள்.

"எனக்கு எத்தனை கோடு காட்டுது?"

சற்குணம் திரையைத் தள்ளிப் பார்த்தார். திருவேங்கடத்துக்கு அடுத்தபடியாக அவர் பீட்டில் நாற்பது பேர் இருந்தார்கள். ஓய்வூதியத் தாள் எதிர்பார்க்கிறவர்கள், வேலை உத்தரவு எதிர்பார்க்கிறவர்கள், வக்கீல் நோட்டீஸ் எதிர்பார்க்கிறவர்கள். அதற்கும் கீழேதான் பொன்மணி இருந்தாள். கோடு இல்லை.

"ஒண்ணும் காட்டல," என்றார். "நாளைக்கே மாத்திடறேன். விலாசம் பார்க்கற மிஷினே இருக்கட்டும்."

பொன்மணி குழம்புக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். "டாண்ணு ஆறு நாற்பதுக்கு வந்து நிக்கறவருக்கு யாருங்க காத்திருப்பாங்க? ரசம் கொதிக்கும், நீங்க வருவீங்க. காத்திருக்கறதுக்கு நேரமே விடலையே நீங்க."

"அதனாலதான் மாத்திடறேன்னு சொல்றேன்."

"வேண்டாம். மாத்தினா, நான் காத்திருக்கலைன்னு கடைக்காரப் பொண்ணுகிட்டப் போய் எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். இன்னும் ஆறு நாள் இருக்குல்ல? நான் காத்திருந்து பார்க்கறேன்."

ஐந்தாம் நாள் பொன்மணி மாலை ஐந்து மணிக்கே அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரை கோடு வந்தது. அந்த நேரத்தில் திருவேங்கடத்தின் ஐந்து கோடும் அசையவில்லை. ஏழு மணிக்கு வழக்கம்போல் போன் வந்து, காத்திருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுக்க வேண்டியதாயிற்று. ஆறாம் நாள் மத்தியானம் சாப்பிடாமல் இருந்து பார்த்தாள்.

"ஆறு மணி வாக்குல, நீங்க லாரியில அடிபட்டு ரோட்டுல கிடக்கறீங்கன்னு நெனைச்சுக்கிட்டேன்," என்றாள் அன்று வரும் வழியில். "அப்ப ஏதாவது வந்துதா?"

"ரெண்டு கோடு வந்துது. அஞ்சு நிமிஷம் நின்னுது."

"அதுக்கு மேல நெனைக்க முடியல," என்றாள் பொன்மணி. "நீங்க வந்துடுவீங்கன்னு எனக்கு உள்ளுக்குள்ள தெரியுதே."

ஏழாம் நாள் அவள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் திருவேங்கடத்தின் வீட்டுக்குள் வந்தாள். அவர் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"ஐயா, எப்படிக் காத்திருக்கறீங்க?"

திருவேங்கடம் யோசித்தார். "அப்படித் தனியா ஒண்ணும் செய்யறதில்லம்மா. வராதுன்னு தெரியும். அதான்."

அன்று இரவுச் சாப்பாட்டைச் சற்குணம் மட்டும் சாப்பிட்டார்.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை காலை தபால் பிரிக்கும்போது ஜாம்ஷெட்பூர் முத்திரையோடு ஒரு நீல இன்லண்டு கடிதம் சற்குணத்தின் கையில் வந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்ப் பொன்மணிக்குப் போன் செய்து சொன்னார்.

"குடுத்துடுங்க," என்றாள் பொன்மணி. "சாயங்காலம் நான் சீக்கிரமே வாசலுக்குப் போயிடறேன்."

திருவேங்கடம் கடிதத்தை நின்றுகொண்டே பிரித்தார். படிக்க அதிக நேரம் ஆகவில்லை. மறுபடி மடித்தார்.

"இனிமே இந்தப் பக்கம் வரப்போறதில்லன்னு எழுதியிருக்கா. தேட வேண்டாமாம்." கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரி தம்பி. உங்களை ரொம்ப அலைய விட்டுட்டேன். இனிமே உங்களுக்கு இங்க வேலையில்ல."

அவர் நாற்காலியை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். கதவு வெளிப்பக்கம் பச்சை நிறம் என்பதைச் சற்குணம் அன்றைக்குத்தான் பார்த்தார். சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மாலையில் சைக்கிள் பூட்டைத் திறந்து கருவியைப் போட்டார். ஒரு கோடும் இல்லை. வியாழக்கிழமைகளில் பட்டுவாடா சுத்தமாக முடிந்துவிடும். அந்த நாற்பது பேருக்கும் எதிர்பார்த்தது கிடைத்திருந்தது, அல்லது அவர்கள் நாளைக்கு என்று விட்டுவிட்டிருந்தார்கள். உங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை, சற்றுப் பொறுக்கவும் என்றது கருவி. பொன்மணியின் பெயருக்கு எதிரே பார்த்தார். அங்கேயும் இல்லை. தபால் நிலையத்தை மூடிவிட்டார்கள். காவல்காரர், இன்னும் போகலையா என்று கேட்கவில்லை. அவருக்கு ஐம்பது வயது.

நெடுநேரம் கழித்து ஒரு கோடு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாகி, மூன்றானது. சற்குணம் சைக்கிளில் ஏறி வேகமாக மிதித்தார். கருவி மேற்கே போகச் சொன்னது. மாவு மில்லைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி, சாலை இரண்டாகப் பிரிகிற இடத்தில் இருந்த பேருந்து நிழற்குடைக்கு முன்னால் நிறுத்தியது. ஐந்து கோடுகளும் எரிந்தன. உங்கள் இடம் வந்துவிட்டது என்றது.

சிமெண்டுப் பலகையில் பொன்மணி உட்கார்ந்திருந்தாள். செருப்பில் ஒன்றைக் காணோம்.

"வாசல்ல நின்னேன். தெருமுனைக்குப் போனா நீங்க வர்றது இன்னும் கொஞ்சம் முன்னாடியே தெரியும்னு போனேன்," என்றாள். "அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு. அப்புறம் திரும்பிப் பார்த்தேன். எந்தத் தெருன்னு தெரியல."

"உனக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கே."

"உங்களை ஒன்பது தடவை கூட்டிட்டு வந்தேன்ல. ஒட்டிக்கிச்சு போல."

"ஆறு மணிக்கு உன் பேருல ஒண்ணுமே காட்டலையே?"

"முதல்ல வீட்டைத்தாங்க தேடினேன். கிடைக்கல. அப்புறம் அதை விட்டுட்டு, உங்களுக்காகக் காத்திருந்தேன்." அவள் கருவியைப் பார்த்தாள். "எத்தனை?"

"அஞ்சு."

பொன்மணி தலையசைத்தாள். அவள் அழுதிருந்தாள் என்பது அப்போதுதான் சற்குணத்துக்குத் தெரிந்தது. சைக்கிளைத் தூணில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் கல்யாணமாகி வெளியிடத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கருவி அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அதன் வேலை முடிந்துவிட்டது.

மாலைப் பட்டுவாடா முடித்துக்கொண்டு மரியதாஸ் அந்த வழியாக வந்தார். ஒரு காலை ஊன்றிச் சைக்கிளை நிறுத்தினார்.

"மரியதாஸ், எங்க ரெண்டு பேரையும் வீட்டுல விட்டுடறீங்களா?" என்று கேட்டார் சற்குணம்.

"இப்பத்தான் உங்க தெருவை முடிச்சுட்டு வர்றேன் அண்ணே. உங்களுக்குக்கூட ஒரு பதிவுத் தபால் இருந்தது. குடுத்துட்டேன்."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான். சாப்பிட்டுட்டு இருந்தீங்க. இடது கையால கையெழுத்துப் போட்டீங்க. அண்ணி மோர் ஊத்திட்டு இருந்தாங்க. ஆள் இருக்கற வீட்டுக்கு உங்களை எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

சற்குணம் அது சரிதான் என்பதுபோலப் பார்த்தார். மரியதாஸ் மிதியில் காலை வைத்தார்.

"தம்பி, ஒரு நிமிஷம்," என்றாள் பொன்மணி. "மாடியில துணி காயப் போட்டிருந்தேன். எடுத்துட்டேனா?"

"எடுத்துட்டீங்க அண்ணி. மடிச்சு வச்சுட்டீங்க."

"நல்லவேளை," என்றாள் பொன்மணி. தூறல் ஆரம்பித்திருந்தது.