பின்கட்டில் வைத்த சாதம்

மாட வீதியில் நல்ல அண்டை வீட்டுக்காரி யார் என்று கேட்டால் என்னைத்தான் காட்டுவார்கள். யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் ஜுரம், எல்லாவற்றுக்கும் முதலில் போய் நிற்பவள் நான். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் பக்கத்துப் போர்ஷனுக்கு மௌலி குடிவந்தான். எங்களைப் போலவே குருக்கள் வீட்டுப் பிள்ளை. பெண்டாட்டி உண்ணாமுலைக்கு இருபது வயது. மாமியார், நாத்தனார் என்று யாரும் கிடையாது. ஆவணியில் ஒரு கும்பாபிஷேகத்துக்காக ஆரணிப் பக்கம் கிளம்பும்போது, "ஒரு வாரம் இவளைப் பார்த்துக்கோங்கோ மாமி" என்றான்.

"கவலைப்படாம போயிட்டு வாடா. நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

மறுநாள் காலையில் அவள் வாசலில் கோலம் இல்லை. "மாமி, நான் தூரம்" என்று பின்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள். மாதவிலக்கு என்று ஒதுங்கியிருக்கும் மூன்று நாளும் அடுப்படிக்குப் போகக்கூடாது. சோறு நான்தான் போட வேண்டும். ஆனால் அந்த வாரம் என் வீட்டுக்காரருக்குக் கோயிலில் பூஜை முறை. எங்கள் வீட்டில் துளித் தீட்டுப் படக்கூடாது. இலையில் சாதமும் சொம்பில் தண்ணீரும் அவள் பின்கட்டில் வைத்துவிட்டு, தள்ளி நின்று, "எடுத்துக்கோடி" என்பேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவள் எடுக்க வரவில்லை. உள்ளே இருந்தபடியே, "மாமி, வயித்தைப் பிடுங்கறது. ஒரு நிமிஷம் உள்ளே வாங்கோளேன். பயமா இருக்கு" என்றாள்.

"எல்லாருக்கும் வர்ற வலிதாண்டி. மாமாவுக்கு முறை நடக்கறச்சே நான் எப்படி உன்னைத் தொடறது? சுக்குக் கஷாயம் வெக்கறேன், குடிச்சுட்டுப் படுத்துக்கோ."

"சரி மாமி" என்றாள். குரல் மெலிந்திருந்தது. எனக்கு அது அடக்கமாகப் பட்டது.

மூன்றாம் நாள் காலையில் கஷாயம் வைத்தபடியே இருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. முறையாவது மண்ணாவது என்று அப்போதுதான் உள்ளே ஓடினேன். பாயெல்லாம் ரத்தம். அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டேன். உடம்பு சில்லிட்டிருந்தது.

ஜட்காவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "மூணு மாசக் கரு கலைஞ்சிருக்கு. நேத்தே கூட்டிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா" என்றார் டாக்டர். சாயங்காலத்துக்குள் போய்விட்டாள். கர்ப்பம் என்று அந்தச் சின்னப் பெண்ணுக்கே தெரிந்திருந்ததோ இல்லையோ.

தந்தி கிடைத்து மௌலி ஓடிவந்தான். வேளாவேளைக்குச் சாதம் போட்டது மாமிதான் என்று தெருவே அவனிடம் சொன்னது. பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் என்னிடம் வந்தான்.

"கடைசியா ஏதாவது சொன்னாளா மாமி?"

கூப்பிட்டாளடா, நான் போகவில்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஒண்ணும் சொல்லலைடா. தூங்கிண்டே இருந்தா" என்றேன்.

"பெத்தவ மாதிரி பார்த்துண்டேள்" என்று அவன் என் காலில் விழுந்தான். பாவி நான், நகராமல் நின்றேன். ஆசீர்வாதம் வேறு பண்ணினேன்.