கணக்கு வாசித்த பெண்

என் வீட்டுக்காரர் ஆனந்த்சங்கருக்கு ஒரு நாட்டின் எண்ணெய் வருமானத்தை எப்படிக் கண்காணிக்க வேண்டும் என்று தெரியும். எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் எந்தத் தூக்குவாளியில் இருக்கிறது என்று மட்டும் தெரியாது. இதை அவர் முன்னால் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவேன்.

ஆயுசு பூராவும் தணிக்கைத் துறையில் அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்துவிட்டு, ஓய்வு பெற்று சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தவரை ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஆலோசகராகப் பிடித்துக்கொண்டது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கடற்கரையில் ஒரு சின்ன நாடு. பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்பந்தமாம். சொன்னாலும் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியப்போவதில்லை. அங்கே கடலுக்குள் எண்ணெய் கிடைத்திருக்கிறது. அதில் வருகிற வருமானத்தில் ஒரு பங்கு கடற்கரை ஊர்களுக்குப் போக வேண்டும் என்று சட்டம். போகிறதா என்று பார்க்க ஒரு கண்காணிப்புக் குழு. அந்தக் குழுவுக்குப் புத்தி சொல்ல இவர். எல்லாம் எங்கள் மாடி அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபடியேதான். மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கீழே கட்டம் போட்ட சாரம்.

அந்தக் குழுவில் இவரோடு வேலை பார்த்த அதிகாரி பிந்தா. சின்னப் பெண். மீன் பிடிக்கிறவர் மகள். அவர்களுக்குக் காலை ஆபீஸ் தொடங்குகிற நேரம் நமக்கு மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரம். நான் மோர் கொண்டுபோய் வைக்கும்போதெல்லாம் அவள் திரையில் இருப்பாள். “அனுராதா ஆன்ட்டி, இன்று என்ன சமையல்?” என்று கேட்பாள். புளிக்குழம்பை இங்கிலீஷில் விளக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் கையைத் தட்டிச் சிரிப்பாள். எனக்கு அந்தப் பிள்ளையை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இவர் சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கி வந்ததும், நான் முதலில் கேட்பது அவளைப் பற்றித்தான்.

குழு வருஷா வருஷம் அறிக்கை போடும். அது கம்ப்யூட்டரில் எங்கேயோ கிடக்கும். மீன் பிடிக்கிறவர்கள் அதையெல்லாம் எங்கே தேடிப் படிக்கப் போகிறார்கள்? பிந்தாவுக்கு இதில் பெரிய வருத்தம். “சார், எங்கள் ஜனங்களுக்கு இது தெரியவே தெரியாது” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் இவருக்கு அவருடைய அப்பா ஞாபகம் வந்தது.

என் மாமனார் முத்துக்குமாரசாமி பள்ளிக்கூட வாத்தியார். இளையரசனேந்தல் பக்கம் ஒரு கரிசல் காட்டு ஊரில் அம்மன் கோயில் கொடை விழா முடிந்ததும் சங்கரன்கோவிலுக்குக் கார் அனுப்பி அவரைக் கூட்டிப்போவார்கள். கோயில் முன்னால் மைக்கில் அவர் கணக்கு வாசிப்பார். வீட்டுக்கு வீடு வரி எவ்வளவு பிரிந்தது, மேளத்துக்கு எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு என்று எல்லாம் வரும். சந்தேகம் இருக்கிறவர்கள் அங்கேயே எழுந்து கேட்கலாம். வரி பிரித்தவர்கள் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். சொல்லி முடித்துத் தேங்காய் உடைத்துவிட்டால், அதற்குப் பிறகு ஒருத்தரும் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. இவர் சின்ன வயதில் கூடப்போய் இதையெல்லாம் பார்த்தவர்.

அதையே ஆலோசனையாக எழுதினார். எண்ணெய்க் கணக்கை ஊர் ஊராக, அந்தந்த ஊர்ப் பேச்சில், மைக் வைத்து ஜனங்கள் முன்னால் வாசிக்க வேண்டும். டைப் அடித்தது நான்தான். இவர் ஒற்றை விரலால் தட்டினால் விடிந்துவிடும். நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. வெளிநாட்டு நிறுவனத்து அம்மாள் ஆகா ஓகோ என்று புகழ்ந்தாள். இவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“ஏட்டி அனு, எங்கப்பா செஞ்சத ஒரு நாடே செய்யப் போகுது. நெனச்சுப் பாரு!”

“பார்த்தாச்சு. கேஸ் புக் பண்ணச் சொன்னேனே, அதப் பண்ணினியளா?”

முதல் வாசிப்புக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்குப் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளையைப் போல இவர் மாடியிலேயே கிடந்தார். அழைப்பு வரவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் மத்தியானம் நான் சாப்பாடு எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். இவர் கீழே வந்து உட்கார்ந்தார். சோற்றில் கை வைத்தவர் அப்படியே இருந்தார்.

“பிந்தாவப் பிடிச்சு உள்ள வச்சிருக்காங்க” என்றார்.

துருவித் துருவிக் கேட்டேன். கடைத்தெருவில் மைக் வைத்து பிந்தா கணக்கு வாசித்திருக்கிறாள். உங்கள் ஊருக்கு ஆஸ்பத்திரி கட்ட இவ்வளவு பணம் கொடுத்தாகிவிட்டது என்று அதில் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியா? அங்கே ஒரு செங்கல் கூட வைக்கவில்லை. ஜனங்கள் கொதித்துவிட்டார்கள். பணத்தை வாங்கித் தின்றவன் தலைநகரத்தில் எங்கேயோ இருக்கிறான். கண் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது இவள். “பணம் எங்கே, சொல்லு” என்று அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் சம்பளத்தில் அவளுடைய அப்பா வீட்டுக்குப் புதுக் கூரை போட்டிருந்தார். அது போதாதா? கூட்டம் அந்த வீட்டுக்குப் போய்க் கூரையைப் பிரித்தெறிந்து, அவருடைய படகைக் கொளுத்தி, தடுக்க வந்த அவர் கையையும் உடைத்திருக்கிறது. பிறகு போலீஸ் வந்தது. உடைத்தவனைப் பிடிக்கவில்லை. உத்தரவில்லாமல் அரசாங்கக் கணக்கை வாசித்துக் கலகம் மூட்டினாள் என்று பிந்தாவைப் பிடித்துக்கொண்டு போனது.

“எந்த ஊர்ல வாசிச்சா?” என்று கேட்டேன்.

“அவ சொந்த ஊர்லதான். அவளுக்குத்தானே அந்தப் பேச்சு தெரியும்.”

“கோட்டித்தனமால்லா இருக்கு! சொந்த ஊர்லயா? உங்கப்பாவ அந்த ஊர்க்காரங்க எதுக்குக் கார் வச்சுக் கூட்டிட்டுப் போனாங்க?”

இவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். என்னத்தைச் சொல்ல? என் மாமனாருக்கு அந்த ஊரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது, வரி கிடையாது, சொக்காரன் சொந்தக்காரன் கிடையாது. அதனால்தான் அவரைக் கூப்பிட்டார்கள். பணத்தைத் தொட்டவன் வாசிக்கக்கூடாது. ஊர்க்காரனும் வாசிக்கக்கூடாது. வாசிக்கிறவன் வெளியாளாக இருந்தால்தான், கேட்கிற கேள்வி அவனைத் தாண்டிப் பணம் வாங்கினவனிடம் போகும். நம் பக்கத்தில் இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அதனாலேயே இவர் எழுதவில்லை. சோறு பொங்கச் சொல்லும்போது அடுப்பைப் பற்றவை என்று யாராவது எழுதுவார்களா? டைப் அடித்த எனக்கும்தான் அது உறைக்கவில்லை.

அந்த வாரமே நிறுவனத்து அம்மாள் அழைத்தாள். குரலில் தேன் ஒழுகியது. ஊர்களில் வாசிப்பதைப் ‘பரிசீலிக்கலாம்’ என்றுதான் ஆலோசனையில் இருக்கிறது, ‘செய்யவும்’ என்று இல்லை, ஆகவே பிந்தா தன் விருப்பப்படி செய்தாள் என்று இவர் ஒரு வாக்குமூலம் கொடுத்துவிட வேண்டுமாம். கொடுத்தால் நிறுவனத்துக்கு நல்லது, இவருக்கும் அடுத்த வேலை தயாராக இருக்கிறதாம். பிந்தாவுக்கு என்ன ஆகும் என்று இவர் கேட்டதற்கு, அதை அந்த நாட்டுச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றாள். சண்டாளி!

“பரிசீலிக்கலாம்னுதான் இருக்கு, அனு. அது பொய் இல்லயே” என்றார் இவர்.

“அப்ப அந்தப் பிள்ள தானா மைக்கப் பிடிச்சிட்டு நின்னுதுன்னு சொல்லப் போறியளா?”

“நான் அப்படிச் சொல்லுதேன்னு சொன்னேனா? வாயப் பிடுங்காதட்டி.”

“நான் ஏன் பிடுங்குதேன்? நீங்களே நல்லாத்தான் பூசி மெழுகுதிய.”

அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. காப்பியை மட்டும் டொக்கென்று வைத்துவிட்டு வருவேன். பட்டினி போட மனசு வரவில்லை. அவர் சாயங்காலமானால் ரத வீதியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தெரிந்தவர்கள் “என்ன அண்ணாச்சி, எண்ணெய் நாடெல்லாம் எப்படி இருக்கு?” என்று கேட்டால், காது கேட்காதது போல வந்துவிடுவாராம். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. சாமி படத்துக்கு முன்னால் நிற்கும்போது பிந்தாவுக்காக வேண்டிக்கொள்வதா, இவருக்கு நல்ல புத்தி வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வதா என்று குழம்பிப்போய் நின்றேன்.

விசாரணைக் கமிஷன் இவரைச் சாட்சியாக வீடியோவில் கூப்பிட்டது. அன்றைக்கென்று பக்கத்துத் தெருவில் காதுகுத்து. மைக் செட் அலறிக்கொண்டிருந்தது. ஜன்னலையெல்லாம் அடைத்தேன். இவர் அன்று பேன்ட் போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று என்னிடம் சொல்லவில்லை. நான் கேமராவில் விழாமல் கதவோரம் நின்றேன்.

திரையில் மூன்று நீதிபதிகள். ஓரத்துக் கட்டத்தில் பிந்தா. கன்னம் ஒட்டிப் பாதியாகியிருந்தாள். எங்கே கை தட்டிச் சிரிக்கிற அந்தப் பிள்ளை?

அந்த வாசிப்பு யாருடைய யோசனை என்று தலைவர் கேட்டார்.

“என்னுடையது” என்றார் இவர். “பரிசீலிக்கலாம் என்று எழுதினேன். ஆனால் செய்ய வேண்டும் என்றுதான் பிந்தாவிடம் வாயால் சொன்னேன். பல தடவை சொன்னேன்.”

அப்பாடா! ஓடிப்போய் அவர் தலையைத் தடவிக் கொடுக்கலாமா என்று இருந்தது எனக்கு. அத்தனை நாள் பேசாமல் இருந்தது எனக்கே சங்கடமாகிவிட்டது.

ஆனால் அந்த நாட்டு அரசாங்க வக்கீல் விடுகிற ஆளில்லை. இந்த முறையை எங்கே பார்த்தீர்கள் என்றார். என் ஊர்ப் பக்கம் என்றார் இவர். அங்கே வாசிப்பவர் யார் என்று அடுத்த கேள்வி.

யாரோ ஒருவர் வாசிப்பார் என்று சொல்லித் தொலைத்தால் என்ன? இத்தனை நாள் உண்மையைச் சொல்லுங்கள் என்று மல்லுக்கு நின்றவள், அந்த நிமிஷம் இவர் பொய் சொல்ல மாட்டாரா என்று ஏங்கினேன். எனக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பிள்ளை இதைக் கேட்கக்கூடாது என்பதுதான்.

“வெளியூர்க்காரர்தான் வாசிப்பார்” என்றார் இவர். “உள்ளூர்க்காரர் வாசித்தால் பழி அவர் மேல் விழும்.”

“அதை ஆலோசனையில் எழுதினீர்களா?”

“இல்லை.”

“ஏன்?”

“எங்களுக்கு அது தெரிந்த விஷயம். எழுதவேண்டும் என்றே தோன்றவில்லை.”

பிந்தா கையைத் தூக்கினாள். ஒன்று கேட்கலாமா என்றாள். தலைவர் தலையசைத்தார்.

“சார், நான் உங்கள் ஊர்ப் பெண்ணாக இருந்திருந்தால், என்னை அங்கே வாசிக்க விட்டிருப்பீர்களா?”

அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. இவர் கண்ணாடியைக் கழற்றினார். இங்கிலீஷ் மறந்துபோய்த் தமிழில் வந்துவிட்டது.

“விட்டிருக்க மாட்டேம்மா.”

சாட்சி சொன்னது புரியவில்லை, ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றார் தலைவர். அதையே இவர் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. பிந்தாவுக்கு இவர் முகத்தைப் பார்த்து முதல் முறையே புரிந்துவிட்டது. திரையைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவர் ஒத்துக்கொண்டதை வைத்துத்தான் அவளை விட்டார்கள். ஆலோசகர் சொன்னபடி நடந்துகொண்டாள், குற்றம் அவளுடையது அல்ல என்று கமிஷன் எழுதியது. நிறுவனம் இவரை விலக்கிவிட்டது. அதற்கு இவரும் நானும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பிந்தா இப்போது தலைநகரத்தில் யாரோ சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறாளாம். ஊருக்குள் இன்னும் கால் வைக்க முடியவில்லை. இவர் போன் செய்தால் எடுப்பதில்லை. நான் செய்தாலும் எடுப்பதில்லை. எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை.